வெறும் பலகையில் மஞ்சள் தண்ணீர்

ஜனவரி 19, திங்கள்

இன்றைக்கு நான் வேலை செய்யும் பாமசியில் ஒருவருடைய மருந்துச் சிரப்பை இன்னொருவர் பையில் போட்டுவிட்டேன். அவர் படி இறங்குவதற்குள் கவனித்து ஓடிப்போய் மாற்றினேன். மனது இங்கே இருந்தால்தானே! அது அம்பிட்டிய றோட்டில், றலியா டீச்சரின் வீட்டு ஹோலில் உட்கார்ந்திருக்கிறது.

வேலை முடிந்ததும் அங்கேதான் போனேன். மெருகு வேலைக்கு வந்த நஸீப் நானா பலகைத் தரையில் சாண்டிங் மெசின் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கறுத்த பொலிஷ் தூளாகப் பறக்கிறது. அவர் தலை, புருவம் எல்லாம் மாவு. சுரண்டிய இடத்தில் ஹல்மில்லப் பலகை தோல் சீவின மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளிறிப்போய்க் கிடக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு மெதுமை.

"தங்கச்சி, செருப்போட வர வேணாம். இப்ப இது பச்சப்புள்ள மாதிரி. எது பட்டாலும் புடிச்சுக்கொள்ளும்" என்றார்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் நின்றேன். இருந்தாலும் சொன்னதும் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

டீச்சரும் இருந்தார். ஒவ்வொரு மாதமும் பிரஷர் மாத்திரை எடுக்க வருகிறவர், என் கதையைக் கேட்டுவிட்டுத்தான் இந்த வீட்டை வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். இப்போது திகனயில் மகனோடு இருக்கிறார். மகன் ஸிபானுக்கோ தரைக்கு டைல் போட்டு ஏதாவது ஒபிசுக்குக் கொடுக்க விருப்பமாம். "நான்தான் ஒரு குடும்பம் ஈக்கட்டும் எண்டு சொன்ன. இந்தத் தரைய மௌத்தாப் போன என்ட புருசன் அவ்வளவு பாசமாப் பாத்த. வேலை நடக்கக்குள்ள நீங்க ஒரு கண் வெச்சுக்கொள்ளுங்கோ மகள்" என்று சாவியைக் கையில் தந்தார். ஜன்னலோரம் இருக்கிற சின்ன அறையைக் காட்டி, "இது அவர் குர்ஆன் ஓதுற அறை" என்றார்.

சாவியை மூன்று தடவை பையைத் திறந்து பார்த்துவிட்டேன். இருக்கிறது.

ஜனவரி 21, புதன்

நாத்தனார் வீட்டு முன் அறையில் நான், என் கணவர் சுரேஸ், மகள் என்று மூன்று பேர், எங்கள் அலுமாரி, கதிரைகள், நெல் மூட்டை மாதிரிக் கட்டிய துணிகள். நாத்தனார் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவள் பெருமூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் நான் ஒரு மூட்டையைச் சுவரோடு தள்ளி வைக்கிறேன்.

ஹந்தானையில் எங்கள் வீட்டுச் சுவர் மழைக்குப் பிளந்ததிலிருந்து இதே நிலைமைதான். அங்கே இனி இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். எத்தனை வீடு ஏறி இறங்கினோம்! "எந்த எஸ்டேட்?" என்று கேட்பார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்ததும், "வேற ஆள் வந்திட்டாங்களே" என்பார்கள். றலியா டீச்சர் அப்படிக் கேட்கவில்லை. நோன்புக்கு முன்னால் வேலை முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏதாவது நடந்து இது கைவிட்டுப் போனால்? போகாது. போனால்?

ஜனவரி 23, வெள்ளி

செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஹந்தானை வீட்டுக்கு ஆடி மாதத்தில் குடிபோனோம். ஒரு விளக்குக்கூட வைக்கவில்லை, அவசரம். அதனால்தான் சுவர் பிளந்தது என்ற எண்ணம் என்னை விடவே இல்லை. இந்த முறை சாமான் உள்ளே போகும் முன் ஒரு சொட்டு மஞ்சள் தண்ணியாவது தெளித்துவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. இன்று தை வெள்ளி. வெள்ளிக்கிழமைகளில் நஸீப் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் மறுபடி வேலைக்கு வரமாட்டார். அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு போனேன்.

செம்பில் மஞ்சள் கரைத்து, மாவிலையால் ஹோல், இரண்டு அறை, சமைக்கிற குசினியின் வாசல் எல்லாம் தெளித்தேன். சின்ன அறை வாசலில் கொஞ்சம் நின்றேன். பிறகு, ஒரு அறையை மட்டும் விட்டால் அரைகுறையாகிவிடுமே என்று அங்கேயும் தெளித்தேன். கற்பூரம் கொளுத்தவில்லை. தின்னர் டின் இருந்தது, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கிறது.

மனது லேசாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் கிடைத்தது.

ஜனவரி 24, சனி

ஐயோ.

காய்ந்துவிடும் என்று நினைத்தேன். தண்ணி காய்ந்தது, மஞ்சள் காயவில்லை. ஹோல் முழுவதும் பொட்டுப் பொட்டாக, புள்ளிமான் தோல் மாதிரி. நடுவில் செம்பை வைத்த இடத்தில் ஒரு வட்டம். ஈரத்துணியால் துடைத்தால் பரவுகிறது. "எது பட்டாலும் புடிச்சுக்கொள்ளும்" என்று அந்த மனுசன் சொன்னாரே! காதை எங்கேடி வைத்திருந்தாய் சஞ்சீவனி?

ஜனவரி 25, ஞாயிறு

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் போகும் என்று நினைத்தேன். நாத்தனாருக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சுரேஸிடம் சொல்லிவிட்டுப் போனேன். வாளி, பிரஷ், சவர்க்காரத் தூள். முதல் பொட்டில் வைத்துத் தேய்த்தேன்.

சிவந்துவிட்டது. பச்சை ரத்தம் மாதிரி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோழி அறுத்த இடம் மாதிரி இருக்கிறது. ஒரு முஸ்லிம் வீட்டு ஹோலில்! பார்த்தால் என்ன நினைப்பார்கள்? செய்வினை, சூனியம் என்று நினைக்க மாட்டார்களா? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆலாத்தி சிவக்கும் என்று தெரியாதா எனக்கு? சவர்க்காரமும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. எத்தனை கல்யாணத்துக்கு ஆலாத்தி கரைத்த கை இது!

சுரேஸுக்கு போன் எடுத்து அழுதேன். வந்தார். பார்த்தார். அப்புறம், "ஊர்ல எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுப்பாங்க. நீ தரைக்கு எடுத்திருக்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன். அவரே கடைக்குப் போய்ப் புளிப்புக்குத் தேசிக்காய் வாங்கி வந்தார். பிழிந்து தேய்த்ததும் சிவப்பு திரும்பவும் மஞ்சளாயிற்று. ஆனால் முன்னைவிடப் பெரிய பொட்டு. பலகை வேறு நனைந்து சொரசொரவென்று எழும்பி நிற்கிறது.

"டீச்சர்ட்ட சொல்லிடு" என்றார், அவர் ஓட்டுகிற ஸ்கூல் வேனில் வரும்போது.

"சொன்னா வீடு போயிரும்ங்க."

"சொல்லாட்டி?"

நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

நஸீப் நானா கேட்டார். நான் சொன்னேன், சாப்பாட்டுப் பார்சல் கொட்டிவிட்டது, குழம்பு.

"குழம்பா? ஹோல் முழுக்க நடந்து நடந்தா சாப்பிட்ட?"

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை. அவர் குனிந்து, பலகை இடுக்கில் ஆணியைக் காட்டினார். இன்னொரு தடவை மெசின் போட்டால் ஆணித்தலை வெளியே வந்துவிடுமாம், அந்த இடம் பள்ளமும் விழுமாம். "இதுக்கு மேல சீலர் பூச்சு அடிச்சா கறை உள்ளுக்கே நிண்டுடும். நாளைக்கு யாராலயும் எடுக்க ஏலா. டீச்சர்ட்ட சொல்லுங்க, அவங்க சொன்ன பொறகு அடிக்கிறன்." பேராதனையில் வேறு வேலை இருக்கிறதாம், ஒரு கிழமை கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு மெசினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு கிழமை. ஏழு நாளுக்குள் என்ன செய்ய?

ஜனவரி 27, செவ்வாய்

புதுப் பாய் வாங்கி விரித்தேன். பெரிய வட்டத்தின் மேல் ஒன்று. குசினி வாசலில் ஒன்று. மற்றப் பொட்டுகளுக்குப் பேப்பர்.

ஜனவரி 28, புதன்

டீச்சர் போன் எடுத்தார். "எப்படி மகள் வேலை? எல்லாம் சரியா ஈக்குதா?"

"நல்லா நடக்குதுங்க டீச்சர்."

"ஒரு கொறையும் இல்லயா?"

"இல்லைங்க."

போனை வைத்த பிறகு அந்த இரண்டாவது கேள்வி காதிலேயே நிற்கிறது. ஏன் இரண்டு தடவை கேட்டார்?

பிப்ரவரி 1, ஞாயிறு

சாப்பிட முடியவில்லை. மகள் யதுர்ஷி, "புது வீட்டுக்கு எப்ப போறோம்மா?" என்று கேட்டாள். "வாயை மூடு" என்று எரிந்து விழுந்தேன். பாவம், பிள்ளை என்ன செய்யும். அவளுக்குப் பிடித்த தேங்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வேலை முடிந்து வீட்டைப் பார்க்கப் போனேன். கதவு திறந்திருந்தது. டீச்சர் ஹோலில் நின்றுகொண்டிருந்தார். டவுனுக்கு வந்தவர், அஸர்த் தொழுகை நேரமாகிவிட்டதால் இங்கேயே தொழுதுவிட்டுப் போக வந்தாராம். பைப்பில் கை கால் கழுவி ஒழு எடுத்து, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார்.

"நல்ல பாயா விரிச்சு வெச்சிருக்கீங்க. தொழுற முசல்லாவும் கொண்டு வரல்ல, இதே போதும்" என்றார்.

பாய் போட்டதற்கு இப்படி ஒரு விபரீதம் வரும் என்று யார் நினைப்பார்கள்? அவர் பாயில் ஏறி நின்றுவிட்டால் போதும், தொழுது முடித்து இறங்கிவிடுவார் என்று மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஆனால் அவர் தொழ வேண்டிய திசை வேறு, பாய் கிடந்த திசை வேறு.

"கிப்லா இந்தப் பக்கம் மகள்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பாயை இழுத்துத் திருப்பினார்.

வட்டம் முழுசாக வெளியே வந்தது.

பார்த்தார். நிச்சயமாகப் பார்த்தார். தக்பீர் சொல்லிக் கையைக் கட்டித் தொழ ஆரம்பித்துவிட்டார். நான் குசினி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியை வைத்தார். அவர் நெற்றிக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், என் மஞ்சள். அவ்வளவு அமைதியான ஒரு ஆளைப் பார்த்து நான் அவ்வளவு பயந்ததே இல்லை. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கையேந்தி முடித்து, இருந்த இடத்திலிருந்தே கேட்டார். "இது என்ன மகள்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் தானாகவே போனது. "சாப்பாட்டுப் பார்சல் கொட்டிருச்சுங்க டீச்சர். குழம்பு."

விரலால் அந்த இடத்தைத் தடவினார். "குழம்பெண்டா எண்ணெய் ஊறியிருக்கும். இது வெறும் மஞ்சள். நான் ஹுன்னஸ்கிரித் தோட்டத்துல படிப்பிச்ச காலத்துல எத்தின புள்ளைகள்ட ஊட்டுக்குப் பால் காச்சப் போயிருக்கன். எனக்குத் தெரியாதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நஸீப் போன கிழமையே சொன்ன. நீங்களே சொல்லுவீங்க எண்டு நான் பாத்துக்கொண்டு ஈந்த. நான் போன் கோல் எடுத்தும் கேட்ட. ரெண்டு தரம் கேட்ட."

"டீச்சர், நான் பயந்து..."

"மஞ்சள் தெளிச்சதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. கேட்டிருந்தா சீலர் அடிச்ச பொறகு செய்யுங்கோ எண்டு சொல்லியிருப்பன். ஆனா யோசிச்சுப் பாருங்கோ. நாளைக்கு ஒரு கரண்ட் வயர் எரிஞ்சாலும் இப்படித்தானே பாயப் போட்டு மூடுவீங்க? நான் திகனயில இருந்து என்னத்த நம்புற?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பாயை மடித்துச் சுவரோரம் வைத்தார். "ஸிபானோட கதச்சிட்டுச் சொல்றன்" என்று போய்விட்டார்.

ஸிபானோடு கதைத்தால் டைல்தான்.

பிப்ரவரி 4, புதன்

சுதந்திர தின லீவு. ஒன்றும் செய்யவில்லை. சுரேஸ் திட்டினால்கூட நன்றாக இருக்கும். அவர் ஸ்கூல் வேனைக் கழுவிக்கொண்டே இருந்தார், கழுவின இடத்தையே திரும்பத் திரும்ப.

பிப்ரவரி 5, வியாழன்

சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அதற்குள் என் வாளி, பிரஷ், பேப்பரை எல்லாம் எடுத்துவிடலாம் என்று வேலைக்கு முன்னால் போனேன்.

பேப்பரைப் பொறுக்கிக்கொண்டே சின்ன அறைக்குப் போனேன். அங்கே பொட்டுகளை மூட மறந்துவிட்டிருக்கிறேன். ஜன்னலுக்குத் திரையில்லை, காலை வெயில் தரை முழுவதும் விழுந்து கிடக்கிறது. பொட்டு ஒன்றுகூட இல்லை! குனிந்து, சாய்ந்து, முழங்காலில் நின்று பார்த்தேன். வெறும் பலகை.

அட முட்டாளே! வெள்ளைச் சட்டையில் குழம்பு பட்டால் என்ன செய்வாய்? துவைத்து வெயிலில் போடுவாய். சாயங்காலம் மஞ்சள் இருக்காது. அதைப் பதினெட்டு வயசிலிருந்து செய்கிறேன். இங்கே மட்டும் வெயில் படாமல் பாயும் பேப்பரும் போட்டுப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன், உண்மையாகவே.

எல்லா ஜன்னலையும் திறந்தேன். முன் கதவையும் திறந்து வைத்துவிட்டு, பாமசிக்குத் தாமதமாகும் என்று போன் பண்ணினேன்.

பிப்ரவரி 7, சனி

பெரிய வட்டம் பாதியாகிவிட்டது. சுரேஸ் வேன் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, வெயிலைத் திருப்பி மூலைக்கு அடிக்கிறார். யதுர்ஷிக்கு ஒரே சிரிப்பு. நாட்டில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ வேலை, நாங்கள் ஒரு குடும்பமாகத் தரைக்கு வெயில் காட்டுகிறோம்.

டீச்சரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்னும் இரண்டு நாள் வெயில் அடித்தால் ஒன்றுமே தெரியாது. டீச்சருக்கு போன் எடுத்து, கறை போய்விட்டது, வந்து பாருங்கள் என்று சொன்னால் போதும். சுரேஸும் அதைத்தான் சொன்னார்.

ஆனால் அந்தச் சின்ன அறை. அங்கே தெளித்தது டீச்சருக்குத் தெரியாது. நஸீப் நானாவுக்கும் தெரியாது. ஹோலில்தான் கறை பார்த்தார்கள். அந்த அறையில் பார்க்க எதுவுமே இல்லை. சொன்னால்தான் உண்டு. ஹோலுக்கு மன்னிக்கலாம். அவர் புருஷன் ஓதின அறைக்கு? வேண்டுமென்றே போய் அங்கேயும் தெளித்தேனே. எதுக்குடி சொல்லணும்? சொல்லாதே. வாயை மூடிக்கொண்டு வீட்டை எடு. பிள்ளையைப் பாரு.

மத்தியானம் போன் எடுத்தேன். பேசுவதற்கு முன் தண்ணீர் குடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி மாதம், தை வெள்ளி, சவர்க்காரம், பாய். கடைசியில் அதையும் சொன்னேன். "அந்தச் சின்ன அறையிலயும் தெளிச்சேங்க டீச்சர். அங்க இப்ப ஒண்ணுமே தெரியல. ஆனா தெளிச்சேன்."

அந்தப் பக்கம் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"தெரியாட்டி இப்ப ஏன் சொல்ற?"

"சொல்லாம அந்த வீட்டுல என்னால படுக்க முடியாதுங்க."

"ம். வைக்கிறன் மகள்."

அவ்வளவுதான். மகள் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

ஒன்றும் இல்லை. பாமசியில் போன் அடித்தால் எல்லாம் எனக்கென்றே நினைக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நஸீப் நானா போன் எடுத்தார். "நாளைக்கு வந்து கையால நைஸாத் தேய்ச்சிட்டு சீலர் அடிக்கப் போறன். டீச்சர் சொல்லிட்டாங்க. தங்கச்சி, இந்த முற குழம்பு கொண்டு வரப்படாது."

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பாமசியில் ஒரு பாட்டி என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

சாயங்காலம் டீச்சரே பேசினார். நோன்புக்கு முன்னால் குடிவரலாம். ஸிபானைச் சமாளித்துவிட்டாராம். "ஒண்டு மட்டும். அந்தச் சின்ன அறைய நான் பூட்டி வைக்கிறன். கொற நெனைக்க வேணாம்."

"இல்லைங்க டீச்சர்" என்றேன்.

குறை நினைக்கவில்லையா? நினைத்தேன். கொஞ்சம் வலித்தது. சொல்லாமல் இருந்திருந்தால் அந்த அறையும் கிடைத்திருக்கும். இப்படி யோசிப்பதற்கும் வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 18, புதன்

வந்துவிட்டோம். வார்னிஷ் வாசனை மண்டையைப் பிளக்கிறது. தரை தேன் நிறத்தில் மின்னுகிறது. நடக்கவே பயம், எல்லோரும் வெறுங்காலில் பூனை மாதிரி நடக்கிறோம். சாமான் எல்லாம் வைத்த பிறகு ஹோலில் நடக்க ஒரு பாதைதான் மிச்சம்.

சின்ன அறையில் பெரிய பூட்டு.

மார்ச் 6, வெள்ளி

டீச்சர் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். அந்த அறையைத் திறந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஓதிவிட்டு, பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். நோன்பு நாள், ஒரு தேநீர்கூடக் கொடுக்க முடிவதில்லை. இன்று போகும்போது, உள்ளே இடமில்லாமல், படியில் யதுர்ஷி கொப்பிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். டீச்சர் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். "கணக்கா?" என்றார். "ஓமுங்க டீச்சர்" என்றாள் பிள்ளை. நான் உள்ளே கூச்சத்தில் நெளிந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

பெருநாள் முடிந்து முதல் தடவையாக டீச்சர் வந்தார். பெருநாள் இனிப்பு, வட்டிலப்பம், கொண்டு வந்திருந்தார். இன்றைக்குத்தான் என் கையால் தேநீர் குடித்தார். அறைக்குள் போனார், வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம்தான் இருந்தார். ஓதுகிற கிதாபையும் அதை வைக்கிற ரெஹால் பலகையையும் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். திகன பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிவிட்டார்.

விளக்கு வைக்கும்போதுதான் பார்த்தேன். சாவி பூட்டிலேயே தொங்குகிறது.

பதறிப்போய் போன் எடுத்தேன். "டீச்சர், சாவியை விட்டுட்டுப் போயிட்டீங்க. நான் தொடலைங்க. சுரேஸ் நாளைக்கு வேன்ல கொண்டுவந்து தருவாரு."

"வேணுமெண்டே விட்டுட்டுத்தான் வந்த. புள்ள படியில குந்திப் படிக்குது, முதுகு என்னத்துக்கு ஆகும்? அந்த அறையில நல்ல வெளிச்சம் ஈக்குது. மேசையை ஜன்னலோரமாப் போடுங்கோ."

"நீங்க ஓத வரும்போது..." என்றேன்.

"வருவன். புள்ள படிச்சுக்கொண்டு ஈந்தா ஹோல்ல ஓதுறன்."

யதுர்ஷியிடம் சொன்னேன். அவள் இப்போதே மேசையைத் தூக்க வேண்டும் என்று நிற்கிறாள். நாளைக் காலையில் அப்பா வரட்டும் என்றேன். மேசைக் காலுக்கெல்லாம் துணி சுற்றி, தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். இழுத்தால் தரையில் கோடு விழும்.